வென்டிலேட்டரில் இருப்பவர் மீண்டு வருவாரா? ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை நான்கு மணிக்கு ஐசியூவை ஒட்டிய கவுன்சலிங் அறையில் போய் உட்கார்ந்தால், எனக்கு வரும் முதல் கேள்வி இத்தனை வருடத்தில் மாறவே இல்லை. "பொழச்சுக்குவாரா டாக்டர்?" சில குடும்பங்கள் அதைக்கூடக் கேட்பதில்லை. "மெஷின்ல வெச்சுட்டாங்களாம், இனிமே அவ்ளோதான்" என்று வெளியே பெஞ்சில் யாரோ ஒரு சொந்தக்காரர் தீர்ப்புச் சொல்லியிருப்பார். ஊருக்குப் போனும் போயிருக்கும்.

அந்தத் தீர்ப்பு தவறு. வென்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை மூச்சை ஓட்டித் தருகிறது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தைப் போலியோ உலுக்கியது. மூச்சுத் தசை செயலிழந்து, அன்றைய கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறைபோட்டு உட்காரவைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே மூச்சுக் கொடுக்கச் செய்தார். அதன் பிறகு பிழைத்தவர்கள் பெருகினார்கள். இன்றைய ஐசியூவுக்கு அதுதான் ஆரம்பம்.

சென்னையில் ஐசியூ மருத்துவராக இருக்கும் நான், யார் மீள்வார், யார் கஷ்டம் என்பதை எப்படிக் கணிக்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நீங்களும் கூடவே தொடரலாம். உங்கள் மருத்துவர் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளத்தான் இது. அவர் வார்த்தைக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

1. எதற்காக மெஷின் வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

எந்த மதிப்பெண்ணையும் விட இந்த ஒரு பதில் அதிகம் சொல்லும். நுரையீரல் கெட்டுப்போய் வைத்தார்களா? மூளை அடிபட்டு, மூச்சுக்குழாயைக் காத்துக்கொள்ள முடியாமல் வைத்தார்களா? நுரையீரலும் மூளையும் நன்றாக இருந்து, தசை மட்டும் வேலை செய்யாததால் வைத்தார்களா? பெரிய ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளியும் வரை ஓர் இரவு வைத்தார்களா? நான்கு பேருக்கும் ஒரே மெஷின்தான். ஆனால் நான்கு பேரின் கதையும் வேறு.

தசை மட்டும் செயலிழந்தவர்கள்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறவர்கள். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவன், விடியற்காலையில் வயிற்றுவலி என்றிருக்கிறான். அப்புறம் இமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சும் போயிற்று. எங்களிடம் வந்தபோது கண்ணின் பாவை விரிந்து கிடந்தது, டார்ச் அடித்தால் சுருங்கவில்லை. கிள்ளினால் அசைவில்லை. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 3, அதாவது இருப்பதிலேயே மிகக் குறைந்த எண். வேறு எதுவும் தெரியாமல் பார்க்கிறவர் மூளைச்சாவு என்றே நினைத்துவிடுவார். நான் அவன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, நான் பேசுறது கேட்டா விரலை அசை" என்றேன். ஒரு நூல் அளவு அசைந்தது. கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தை அடைக்கும், மூளையைத் தொடாது. அவனுக்கு எல்லாமே கேட்டுக்கொண்டிருந்தது. வாயில் குழாயோடு சில நாள் இருந்தான், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனான்.

பூச்சிமருந்து குடித்தவர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தென்றால், முதல் கண்டம் தாண்டி நன்றாக இருப்பதுபோல் தெரிந்தவர், ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் திடீரென்று மூச்சுத் திணறுவார். இதை இடைநிலை நோய்க்குறி என்பார்கள். 1987-இல் இலங்கை மருத்துவர்கள்தான் இதைத் தெளிவாக விவரித்தார்கள். "நேத்து பேசுனாரே, இன்னைக்கு மெஷினா?" என்று குடும்பம் உடைந்துபோகும். ஆனால் இந்தத் தசைச் சோர்வு தானே மீளும். ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, சில சமயம் அதற்கு மேலோ ஆகும். அதுவரை தொற்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. நரம்பு பாதித்துத் தசை செயலிழக்கும் கில்லன்-பாரே நோயும் இப்படித்தான், காலம் இன்னும் அதிகம் பிடிக்கும்.

நுரையீரல் கெட்டு வருகிறவர்களுக்கு அடுத்தடுத்த படிகள் எல்லாம் பொருந்தும். மூளை பாதித்தவர்களுக்கு ஐந்தாம் படி முக்கியம்.

2. இரண்டு வாரத்துக்கு முன் எப்படி இருந்தார்?

வயதை எல்லோரும் கேட்பார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன். கடைக்குத் தானே போய்வந்தாரா? மாடிப்படி ஏறுவாரா? குளிக்க, உடுத்த யாராவது உதவினீர்களா? இந்த நோய் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு இருந்த நிலையை வைத்து 1 முதல் 9 வரை எண் தரும் ஒரு தளர்ச்சி அளவுகோல் இருக்கிறது. கனடாவில் உருவானது. 5-க்கு மேல் போகப் போக, ஐசியூவைத் தாண்டும் வாய்ப்பும், தாண்டிய பிறகு வீட்டுக்குத் திரும்பும் வாய்ப்பும் குறைகின்றன.

பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் நடக்கும் 74 வயதுப் பெரியவரையும், வாரம் மூன்று முறை டயாலிசிஸ், மீதி நேரம் கட்டில் என்றிருக்கும் 56 வயதுக்காரரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிறந்த தேதியை மட்டும் பார்த்திருந்தால் நிச்சயம் ஏமாந்திருப்பேன்.

இங்கே ஒரு வேண்டுகோள். மறைக்காதீர்கள். ஒரு வருடமாகவே மூச்சு வாங்கியது, போன மாதம் வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார், தினமும் குடிப்பார் என்பதையெல்லாம் சொன்னால் வைத்தியம் குறைத்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். நிஜத்தில், சொல்லாமல் விட்டால்தான் எங்கள் கணிப்பும் மருந்தும் தப்பாகும்.

3. முதல் நாள் மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது

கேஸ் ஷீட்டில் அபாச்சி 2 என்று ஓர் எண் இருக்கும். 1985-இல் அமெரிக்காவில் வந்தது. ஐசியூவுக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ரத்தத்தின் அமிலத்தன்மை, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் என 12 அளவுகளில் மிக மோசமாக இருந்ததை எடுத்து, அதோடு வயதையும் பழைய நோய்களையும் சேர்த்துக் கூட்டுவார்கள். 0 முதல் 71 வரை போகலாம். எண் ஏற ஏற ஆபத்து அதிகம்.

"நாற்பது சதவீதம் ஆபத்து" என்று மருத்துவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? இதே மாதிரி எண்கள் உள்ள நூறு பேரை ஒரு வார்டில் படுக்கவைத்தால், ஏறத்தாழ நாற்பது பேர் இறப்பார்கள், அறுபது பேர் பிழைப்பார்கள். உங்கள் அப்பா அந்த நாற்பதிலா அறுபதிலா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஐசியூக்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும், ஆராய்ச்சிக்கும் நன்றாக உதவும். ஓர் ஆளின் தலையெழுத்தை அதில் படிக்க முயலாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அளவுகோல்கள் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளை வைத்துச் செய்தவை. நம்மூர் மழைக்காலத்தில் வரும் டெங்கு, எலிக்காய்ச்சல், சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் எல்லாம் அங்கே அபூர்வம். டெங்குவில் பிளேட்லெட் பத்தாயிரத்துக்கு இறங்கினால் அந்த எண்ணே பயமுறுத்தும். ஆனால் அந்தக் கட்டம் தாண்டினால் சில நாளிலேயே அது ஏறிவிடும். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் நேரத்தோடு கிடைத்தால் பலர் வேகமாகத் தேறுகிறார்கள். அந்தக் கட்டுவிரியன் பையனின் மதிப்பெண்ணை நான் அன்றைக்கு நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஒருநாள் எண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை. நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் இன்றைய எண்ணை வைத்தால்தான் அது பேசும்.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா இதை எனக்கு அழகாகச் செய்துகாட்டினார். கணவருக்கு இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. தினம் காலையில் வீட்டுக் காலண்டரில் கிழிக்கும் தாளை மடித்து எடுத்துவருவார். அதன் பின்பக்கத்தில் அன்றைய எண்களை எழுதிக்கொள்வார். ஆறாவது நாள் அந்தத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, "சார், மூணாம் நாள்ல இருந்து ஆக்சிஜன் இறங்குது. ஆனா யூரின் ஏன் கம்மியாவுது?" என்றார். அன்று காலை ரவுண்ட்ஸில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான்.

அவர் எழுதியது இவைதான்.

*ஆக்சிஜன் கணக்கு.* ஏபிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் ஓர் எண்ணாக வரும். மெஷினில் எத்தனை சதவீத ஆக்சிஜன் ஓடுகிறது என்பது இன்னொரு எண். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள், சதவீதத்தைத் தசமமாக எடுத்துக்கொண்டு. ஆக்சிஜன் அழுத்தம் 80, மெஷினில் 80 சதவீதம் என்றால், 80 வகுத்தல் 0.8, விடை 100. இரண்டு நாள் கழித்து அழுத்தம் அதே 80, ஆனால் மெஷினில் 50 சதவீதம் போதும் என்றால் விடை 160. மானிட்டரில் சாச்சுரேஷன் இரண்டு நாளும் 95 என்றே காட்டியிருக்கும். ஆனால் நுரையீரல் நிறையத் தேறியிருக்கிறது. ஏஆர்டிஎஸ் என்ற கடும் நுரையீரல் பாதிப்பை 2012-இல் வந்த பெர்லின் வரையறை இந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிக்கிறது. 200-க்கு மேல் 300 வரை லேசானது, 100-க்கு மேல் 200 வரை நடுத்தரம், 100-ம் அதற்குக் கீழும் கடுமை. அந்த வரையறைக்காகச் சேர்த்த தரவில் இறப்பு முறையே 27, 32, 45 சதவீதம். கடுமையான பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

*ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து.* பெரும்பாலும் நார்அட்ரினலின். பம்பில் ஓடும் மில்லி கணக்கை ஒப்பிடாதீர்கள், மருந்தைக் கலக்கும் விதம் இடத்துக்கு இடம் மாறும். "நேத்தை விட டோஸ் ஏறிச்சா, இறங்கிச்சா?" என்று கேட்டால் போதும். டோஸ் ஏறிக்கொண்டே போய், கூட இரண்டாவது மருந்தும் சேர்ந்தால் அது கெட்ட செய்தி. ரத்தத்தில் லாக்டேட் அளவையும் கூடவே கேளுங்கள். 2-க்குக் கீழ் இறங்கி வந்தால் உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேருகிறது என்று பொருள்.

*சிறுநீரும் கிரியாட்டினினும்.* 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஆபத்து ஒரு படி கூடும், ஆனால் அதோடு முடிந்தது என்று இல்லை. பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது.

*சுயநினைவு.* இதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

*பிளேட்லெட்டும் பிலிரூபினும்.* ரத்தம் உறைவதையும் ஈரலையும் காட்டுபவை. தினமும் பார்க்காமல் போகலாம், பார்த்த அன்று எழுதுங்கள்.

இந்த ஐந்தையும் நாங்கள் சோஃபா என்ற மதிப்பெண்ணாகக் கூட்டுகிறோம். 1996-இல் வந்தது. ஆறு உறுப்பு மண்டலம் (கடைசி வரியில் ரத்தமும் ஈரலும் தனித்தனி), ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 24. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரத்தில் இது ஏறியவர்களில் குறைந்தது பாதிப்பேர் இறந்திருந்தார்கள், ஆரம்ப எண் எதுவாக இருந்தாலும் சரி. இறங்கியவர்களின் நிலை அதைவிட நன்றாக இருந்தது. உள்ளே வரும்போது எத்தனை என்பதை விட, மூன்றாம் நாள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எண் கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். கட்டிலில் திருப்பிப் படுக்கவைத்தாலே சாச்சுரேஷன் ஐந்து புள்ளி இறங்கி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் எழுதுங்கள், போதும்.

கணிப்பு என்றால் கைகட்டி வேடிக்கை பார்ப்பது என்றும் ஆகிவிடக் கூடாது. நாங்கள் செய்வது இந்த எண்களை மாற்றும். அமெரிக்காவில் ஏஆர்டிஎஸ் போன்ற நுரையீரல் பாதிப்பு உள்ள 861 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான சோதனையில், ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். இந்தக் கிலோ உடல் எடை இல்லை, உயரத்திலிருந்து கணக்கிடுவது. 165 செ.மீ. உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்குக்கு ஏறக்குறைய 61 கிலோதான், அவருக்கு ஒரு மூச்சு 370 மில்லி. நர்ஸ் டேப்பை எடுத்துப் படுத்திருப்பவரை அளந்தால் அதற்குத்தான். அதேபோல, ஆக்சிஜன் கணக்கு 150-க்குக் கீழே இருப்பவர்களைக் குப்புறப் படுக்கவைப்பதால் 28 நாள் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்ததை 2013-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. "குப்புறப் போட்டிருக்காங்க" என்று கேட்டுப் பதற வேண்டாம்.

5. தூக்க மருந்தை நிறுத்திவிட்டுத்தான் மூளையைப் பற்றிப் பேச வேண்டும்

குழாயோடு இருப்பவருக்குத் தூக்க மருந்தும் வலி மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது கண் திறக்கவில்லை என்றால் அது மருந்தின் வேலையாகவே இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "மருந்து எப்போ நிறுத்தினீங்க, நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆச்சு?" கிட்னியும் ஈரலும் பலவீனமானவர்களுக்கு மருந்து உடம்பை விட்டுப் போகவே நாள் பிடிக்கும்.

இதயம் நின்று, நெஞ்சை அமுக்கி மீட்டவர்கள் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். குறைந்தது 72 மணி நேரம் போகாமல், மருந்தின் தாக்கம் தீராமல், மூளை மீளாது என்று சொல்லக் கூடாது. அப்புறமும் ஒரே அறிகுறியை நம்பக் கூடாது. பாவையின் வெளிச்ச எதிர்வினை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, நரம்புத் தூண்டல் சோதனை, ஸ்கேன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையைக் காட்ட வேண்டும். அவசரப்பட்டால் கணிப்பே விதியாகிவிடும். மீள மாட்டார் என்று நினைத்து வைத்தியத்தைக் குறைப்போம், அவர் இறப்பார், பார், சொன்னது சரிதானே என்போம். என் துறையில் நான் மிகவும் பயப்படும் தவறு இது.

மூளைச்சாவு வேறு. அது கணிப்பு இல்லை, இறப்பு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். விஷம், தூக்க மருந்து, உடல் குளிர்ந்துபோதல் எதுவும் காரணம் இல்லை என்று முதலில் தெளிந்தாக வேண்டும். மெஷினை நிறுத்தி மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. நெஞ்சு ஏறி இறங்குவதையும் மானிட்டரில் கோடு ஓடுவதையும் பார்த்துவிட்டு அதை ஏற்றுக்கொள்வது குடும்பத்துக்கு எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சோதனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்.

6. மெஷினை விடத் தயாரா?

காலை ஏழு மணி. தூக்க மருந்து நிறுத்தியாயிற்று. கண் திறந்து பார்க்கிறார், கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறார். மெஷினின் உதவியை மிகக் குறைவாக வைத்துவிட்டு, கட்டில் பக்கம் நின்று அரை மணி நேரம் பார்ப்போம். நான் அப்போது மானிட்டரை விட அவர் கழுத்தைத்தான் பார்ப்பேன். காறை எலும்புக்கு மேலே குழி விழுகிறதா? வயிறும் நெஞ்சும் ஒன்றாக ஏறுகின்றனவா, ஒன்று ஏற இன்னொன்று இறங்குகிறதா? நெற்றியில் வியர்வை அரும்புகிறதா? முகத்தில் பயமா, களைப்பா?

ஒரு எளிய கணக்கும் உண்டு, 1991-இல் வந்தது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சின் அளவால், லிட்டரில், வகுங்கள். 25 மூச்சு, ஒவ்வொன்றும் 0.4 லிட்டர் என்றால் விடை 62 சொச்சம். 35 மூச்சு, 0.25 லிட்டர் என்றால் 140. 105-க்குக் கீழே இருந்தால் தனியாகச் சமாளிப்பார் என்று எதிர்பார்க்கலாம். மேலோட்டமாக, வேகமாக மூச்சு விடுகிறவருக்கு எண் ஏறும்.

இந்த அரை மணி நேரத் தேர்வில் ஜெயித்தவரிலும் பத்தில் ஒருவர், இருவருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் குழாயைத் திரும்பப் போட வேண்டி வரும். இருமல் பலமாக இல்லாதது, சளி அதிகம், இதயம் பலவீனம் ஆகியவை பெரும்பாலும் காரணம். திரும்பப் போடுவது ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அதற்குப் பயந்து தயாரானவரையும் மெஷினிலேயே வைத்திருப்பதும் ஆபத்துதான், ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வழி திறந்திருக்கிறது. "இன்னைக்கு மெஷினைக் குறைச்சுப் பாத்தீங்களா?" என்று தினமும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

7. இரண்டு வாரம் தாண்டினால்

இந்தச் சமயத்தில், சிலருக்கு முன்னதாகவே, டிரக்கியாஸ்டமி பற்றிப் பேசுவோம். கழுத்தில் துளை என்றதும் அலறாதீர்கள். வாயிலிருந்து குழாய் போய்விடும், தூக்க மருந்து குறையும், உட்காரவைக்கலாம். தேவை முடிந்து குழாயை எடுத்ததும் துளை பெரும்பாலும் தானே மூடிவிடும்.

ஆனால் கணிப்பு இங்கே நிறம் மாறுகிறது. மூன்று வாரமாக மெஷினில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. வயது 50-க்கு மேலா? பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழா? அழுத்த மருந்து இன்னும் ஓடுகிறதா? டயாலிசிஸ் நடக்கிறதா? நான்கும் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நான்கில் மூன்றுக்கோ நான்கிற்குமோ ஆமாம் என்றால் மிகக் குறைவு. இதைச் சொல்லும்போது என் குரல் தானே தணிந்துவிடும்.

8. கம்ப்யூட்டர் சொல்லாதா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐசியூ தரவைப் பெயர் நீக்கி உலகத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள், மிமிக் என்று பெயர். அதை வைத்து உருவான கணிப்பு மென்பொருள்கள் ஏராளம். பாஸ்டன் நோயாளியைப் பார்த்துப் பழகிய மென்பொருள் சென்னை நோயாளியைச் சரியாகக் கணிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்துவது ஒன்று, எவ்வளவு ஆபத்து என்று சரியாகச் சொல்வது இன்னொன்று. முதலாவதில் நன்றாக இருக்கும் கருவி இரண்டாவதில் சறுக்கலாம். இங்கேயே சோதித்துப் பார்க்காத எதையும் நான் ஒரு குடும்பத்திடம் காட்டமாட்டேன்.

9. கவுன்சலிங் அறையில்

குடும்பத்தில் ஒருவர், முடிந்தால் அதே ஒருவர், தினமும் பேச வாருங்கள். ஏழு பேர் ஏழு மருத்துவரிடம் கேட்டால் ஏழு கதை கிடைக்கும், ராத்திரி வீட்டில் சண்டை வரும்.

"பொழைப்பாரா?" என்பதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: நல்லபடியா போனா எப்படி இருப்பார், மோசமா போனா எப்படி, இப்போ எது நடக்கும்னு நீங்க நினைக்கிறீங்க? பிழைத்தால் தானே சாப்பிடுவாரா, நடப்பாரா, எங்களை அடையாளம் தெரியுமா? இன்னும் மூன்று நாளில் எது மாறினால் நல்லது, எது மாறினால் கெட்டது? கடைசிக் கேள்விக்கு மருத்துவர் பதில் சொன்னதும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி பேசலாம்.

நான் திருப்பி ஒன்று கேட்பேன். அவர் இப்போது இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்? ஒரு மகள் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கப்பா யார்கிட்டயும் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார் டாக்டர், தானே போய் மோந்து குடிப்பார்" என்றார். எந்த மதிப்பெண்ணிலும் இல்லாத தகவல் அது. அன்றைக்கு எங்கள் பேச்சே அதன் பிறகுதான் தொடங்கியது.

மீள வழியே இல்லை என்று தெளிவான பிறகு மெஷினை விலக்குவது கொலை ஆகாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவமனைக்குள் ஒரு குழு பார்த்து, இரண்டாவது குழு உறுதி செய்ய வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். முன்கூட்டியே விருப்பத்தை எழுதி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு வைக்கவும் முடியும். விலக்குவது என்றால் கைவிடுவது இல்லை, வலியும் திணறலும் தெரியாமல் கூடவே இருப்போம்.

பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள், முதல் நாளே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று மருத்துவமனையில் இருக்கும் திட்டக் கவுண்டரில் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றிலும் வென்டிலேட்டர் ஐசியூக்கள் இருக்கின்றன. நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு, எட்டாம் நாள், நிலை குலைந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாளே கேட்டிருந்தால் பத்திரமாக மாற்றியிருப்போம்.

10. ஐசியூ கதவைத் தாண்டி வந்த பிறகு

கணிப்பு டிஸ்சார்ஜ் அன்று முடிவதில்லை. வாரக்கணக்கில் படுத்தவருக்குத் தொடைத் தசை கரைந்திருக்கும், டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும். ராத்திரி அலறி எழலாம், நேற்று நடந்தது மறந்துபோகலாம், காரணமில்லாமல் அழலாம். ஐசியூவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பைத்தியமும் இல்லை, சோம்பலும் இல்லை. பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும்.

முதல் வாரம் கட்டில் ஓரத்தில் உட்காருவது, அடுத்து பிடித்துக்கொண்டு நிற்பது, அப்புறம் பாத்ரூம் வரை. தினமும் முட்டையோ பருப்போ, பிசியோதெரபி, ஒரு மாதத்தில் மறு பரிசோதனை. வியாசர்பாடி அம்மா அதற்கும் காலண்டர் தாள் வைத்திருந்தார். செக்கப்புக்கு வந்தபோது கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அந்த அம்மா பையிலிருந்து தாள்கட்டை எடுத்து மேலே இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். ஆக்சிஜன், யூரின் எல்லாம் எழுதிய இடத்தில் இப்போது ஒரே ஒரு வரி இருந்தது: "தெருமுனை வரை, 2 தடவை."